சொந்தக் காணி மரத்தைப் பச்சையாக வெட்டி வீட்டுக்குப் போடலாமா? வேம்பு, பனை, பூவரசு

கைதடிக்காணி எழுதியது:

கைதடியில் அம்மாவின் சீதனக் காணி இருக்கிறது, ஆறு பரப்பு. அதில் இரண்டு அறையும் விறாந்தையும், பின்னுக்குத் தனியாக ஒரு குசினியும் கட்டப்போகிறோம். ஓட்டுக் கூரைதான் வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம், எனக்கும் அதுதான் விருப்பம். காணிக்குள் பெரிய வேம்பு மூன்று, வேலியோரம் பூவரசு, முத்தல் பனை கொஞ்சம், கிணற்றடியில் ஒரு பலா, ஒரு கிழட்டு மாமரம் நிற்கின்றன. வேம்பில் ஒன்றும் பனைகளில் சிலதும் அத்திவாரம் விழும் இடத்திலேயே நிற்பதால் எப்படியும் வெட்டத்தான் வேண்டும்.

மரக்காலையில் தீராந்திக்கும் (உத்தரம்) சிலாகைக்கும் (ஓடு பதிக்கிற மெல்லிய சட்டம்) விலை கேட்டேன், கூரை மரத்துக்கே வீட்டுக் காசில் பெரிய பங்கு போய்விடும் போல இருக்கிறது. மேசன் என்ன சொல்கிறார் என்றால், பச்சை மரம் போட்டால் கூரை முறுகும், ஓடு விலகும், பேசாமல் மரத்தை நிற்கிற நிலையிலேயே விற்றுவிட்டு பொக்ஸ்பார் (இரும்புப் பெட்டிக்குழாய்) அடியுங்கள் என்கிறார். வீட்டுக்கு நிழல் தந்த மரத்தை விறகு விலைக்கு விற்க மனம் வரவில்லை. முன்னைய ஆட்கள் தங்கள் வளவு மரத்தில்தானே கட்டினார்கள், அவர்கள் என்ன செய்தார்கள்? தை, மாசியில் அத்திவாரம் வெட்ட யோசனை. இப்போது ஆவணி. எதை வெட்டுவது, எப்போது வெட்டுவது, எதற்குப் போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் எழுதியது:

தம்பி, வாளை எடுக்க முதல் கிராம சேவையாளரிடம் போங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் சொந்தக் காணியில் நின்றாலும் பிரதேச செயலக அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, 1951 ஆம் ஆண்டிலேயே வந்த சட்டம் அது. வெட்டின குற்றியை மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போவதற்கும் தனியாகப் பத்திரம் கேட்பார்கள், றோட்டில் லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) மறித்தால் உங்கள் காணி மரம் என்று வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. உறுதியின் பிரதியும் கையில் இருக்கட்டும். எந்த மரத்துக்கு என்ன பத்திரம் என்று செயலகத்தில் ஒரே தடவையில் கேட்டு எழுதி எடுத்து விடுங்கள்.

பலாவை வெட்டாதீர்கள். அத்திவாரத்துக்குள் வரவில்லை என்றுதானே சொன்னீர்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

எங்கள் வீட்டில் பாட்டன் காலம் தொட்டு மரவேலை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பச்சை மரம் போடலாமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது தம்பி. எந்த இடத்துக்கு என்று கேட்க வேண்டும். காய்கிற மரம் சுருங்கும், அதை யாரும் நிறுத்த முடியாது. சுருங்கினால் ஒரு கேடும் வராத இடங்கள் ஒரு வீட்டில் இருக்கின்றன, சுருங்கினால் வேலை முழுக்கக் கெட்டுப்போகிற இடங்களும் இருக்கின்றன. விறாந்தைத் தூண், மாட்டுக் கொட்டில், படலை, பனையில் கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்), முகட்டு வளை (கூரை உச்சியில் கிடக்கிற உத்தரம்), இவை முதல் வகை. கதவு, யன்னல், நிலை, அலுமாரி, மேசை, இவை இரண்டாவது வகை. இந்த இரண்டாவது வகைக்குப் பச்சை மரம் என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வீடு கட்டுகிற ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இதைக் கடைசியில்தான் காண்கிறார்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டிய மரம் நிலை. ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி கட்டு எழும்பும்போதே நிலையை நிறுத்தி வைத்து அதைச் சுற்றித்தான் கல் வைப்பார்கள். அதாவது கூரைக்கு எத்தனையோ மாதம் முதல், வீட்டுக்குள் முதலில் போகிற மரமே அதுதான். அவசரத்தில் போன மாதம் வெட்டின வேம்பில் நிலை செய்து வைத்துப் பூசிவிடுவார்கள், அடுத்த சோளகத்தில் (தென்மேற்குக் காற்று அடிக்கிற வறண்ட காலம்) பார்த்தால் நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் நகம் போகிற வெடிப்பு இருக்கும், மேல் மூலையில் கழுந்து (துளைக்குள் செருகுகிற சட்ட நுனி) வெளியே தெரியும், கதவு ஒரு பக்கம் தரையில் உரசும். பிறகு கதவைச் சீவுகிறார்கள். மாரிக்குக் கதவு இறுகுகிறது, திரும்பச் சீவுகிறார்கள். கதவில் பிழை இல்லை, நிலையில்தான் பிழை.

ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். கட்டும்போது நிலைக்கு வாய் மட்டும் விட்டு, மேலே லிண்டல் போட்டுவிட்டு, நிலையைப் பூச்சுக்குச் சற்று முன்னர் கொண்டுவந்து இரும்புத் தகட்டால் சுவரோடு பூட்டலாம், மேசன் முணுமுணுப்பார், ஆனால் செய்யக்கூடிய வேலை. இல்லாவிட்டால் நிலைக்கு மட்டும் காய்ந்த மரம் வாங்குங்கள், உங்கள் மரத்தைக் கதவுக்கும் கூரைக்கும் வைத்திருங்கள்.

மற்றது, தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அனுமதி வந்ததும் இப்பவே வெட்டி, வெட்டின கையோடு அரிந்து நிழலில் அடுக்குங்கள். கட்டு எழும்பிக் கூரைக்கு வர எப்படியும் சித்திரை, வைகாசி ஆகிவிடும், கதவுக்கு அதுக்கும் பிறகு. அந்த மாதங்கள் முழுக்க மரம் சும்மா கிடந்து காயும். காணியில் மரம் வைத்திருக்கிறவனுக்கு இருக்கிற ஒரே வசதி இதுதான், வீட்டு வேலைக்கு ஒரு மாரி முந்தியே மரவேலையைத் தொடங்கலாம்.

சீமெந்துத்தூசி எழுதியது:

நான் கட்டடப் பக்கம் வேலை செய்கிறவன். உளிச்சத்தம் அண்ணை சொன்னதோடு பெரும்பாலும் உடன்பாடு, கூரையில் மட்டும் எனக்குப் பயம் இருக்கிறது.

முதலில் சுருக்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஈரத் துவாயைப் பிழிந்த பிறகும் அது ஈரமாகத்தானே இருக்கிறது, மரத்திலும் தண்ணீர் அப்படித்தான் இரண்டு விதமாக இருக்கிறது. குழாய்களுக்குள் சும்மா நிற்கிற தண்ணீர் முதலில் போகும், அது போகும்போது மரம் பாரம் குறையும், அளவு குறையாது. ஈரம் 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவருக்குள் இருக்கிற தண்ணீர் போகத் தொடங்கும், சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். எங்கள் ஊர்க் காற்றில் நிழலில் கிடக்கிற மரம் கடைசியில் 15 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். ஆகவே வெட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது, கையில் தூக்கப் பாரம் குறைந்துவிட்டது, இனிக் காய்ந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் சுருக்கம் தொடங்கியே இருக்காது.

நீளத்தில் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, பத்தடிக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) அளவுதான். அகலத்தில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கம் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எட்டு அங்குலப் பச்சைப் பலகை கால் அங்குலத்துக்குக் கிட்டக் குறையலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காததால்தான் பலகை கிண்ணமாக வளைகிறது, நடுக் குருத்தை உள்ளே வைத்து அரிந்த சட்டம் கட்டாயம் வெடிக்கிறது. மில்லில் நிற்கும்போது குருத்து எந்தப் பலகைக்குள் போகிறது என்று கண்ணால் பாருங்கள், அந்தப் பலகையை நடுவால் கிழித்து குருத்தைக் கழிக்கச் சொல்லுங்கள்.

இப்போது கூரைப் பயம். பச்சை மரத்துக்குப் பாரத்தை ஏற்றினால், அது காய்ந்துகொண்டே தொய்யும், காய்ந்த பிறகு அந்தத் தொய்வு அப்படியே நின்றுவிடும். ஓடு கனமானது. நடுவில் அரை அங்குலம் தொய்ந்தாலே ஓட்டு வரிசையில் அலை தெரியும், மாரியில் ஒழுகும். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் இதை நிறையப் பார்த்தேன். தவணைக் காசு கிடைக்க அடுத்த கட்டம் முடிந்திருக்க வேண்டும் என்பதால் சனம் காலையில் தென்னையை விழுத்தி அடுத்த கிழமை ஓடு போட்டார்கள். அந்தக் கூரைகள் இன்றைக்கும் அலை அலையாகத்தான் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, மரம் காயும் மட்டும் காத்திருக்க அவர்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

வடலியடைப்பு எழுதியது:

தென்னையையும் பனையையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள் அண்ணை. அறுபது எழுபது வயது கடந்த முத்தல் பனையின் வெளி வைரம் (கெட்டியான பகுதி) பச்சையிலேயே கூரைக்குப் போகிற மரம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பனஞ்சட்டமும் சிலாகையும் கப்பலில் வெளியே போயின, கொழும்பிலும் பனை மரத்தில் கூரை போட்டார்கள்.

பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது, வேம்பைப் போல நடுவில் வைரமும் வெளியில் வெள்ளையும் இல்லை, எல்லாம் மறுபக்கம். வெளியில்தான் கருநார் நெருங்கிய வைரம், உள்ளே போகப் போக சோத்தி, அதாவது மெதுவான சோறு. அடி மரம்தான் நல்லது, மேலே போகப் போக வைரத் தடிப்புக் குறையும், உச்சிப் பக்கத்தைக் கூரைக்கு எடுக்கக் கூடாது. வயது தெரியவேண்டும் என்றால் விழுத்தின பிறகு அடிவெட்டைப் பாருங்கள், கறுப்பு நார் புள்ளி புள்ளியாக விளிம்பில் நெருங்கி நின்று, வைரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வந்தால் கைமரத்துக்கு ஆகும். வெளிறி, புள்ளிகள் ஐதாக இருந்தால் அது இளம் மரம், வேலிக்கும் பந்தலுக்கும்தான்.

சோத்தியை ஒட்டக் கழியுங்கள். கைமரத்தில் சோத்தி ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தாலும் உளு அங்கேதான் தொடங்கும். பழைய ஆட்கள் பனையை அரியவில்லை, ஆப்பு இறுக்கிப் பிளந்தார்கள், பிறகு வாய்ச்சியால் (மரம் செதுக்குகிற கோடாலி போன்ற கருவி) செதுக்கினார்கள். பிளந்தால் பிளவு நார் போகிற வழியே போகும், ஒரு நாரும் குறுக்கே அறுபடாது, அதனால் அந்தக் கைமரத்துக்குத் தாங்குகிற பலம் கூட. மில்லில் அரிந்தால் நேராக வரும், பார்க்க அழகு, ஆனால் நார் சரிந்து போகிற இடத்தில் அறுபடும். இப்போது பிளக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

நாற்சார் எழுதியது:

வடலியடைப்பு சொல்வதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. வட்டுக்கோட்டையில் எங்கள் நாற்சார் (நடுவில் முற்றம் வைத்த) வீட்டுக் கூரையைப் பிரித்துத் திருத்தினோம். ஓட்டையும் றீப்பையையும் எடுத்த பிறகு பனங் கைமரங்களைக் கிட்ட நின்று பார்த்தேன். மேற்புறம் முழுக்க வாய்ச்சி வெட்டின தடம், மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக. வாள் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. குசினிப் பக்கத்துக் கைமரம் புகை பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது, ஆணி அடிக்கப் பார்த்தோம், ஆணி வளைந்ததே தவிர இறங்கவில்லை. உளு ஒன்றிலும் இல்லை. கெட்டுப்போயிருந்ததெல்லாம் தாழ்வாரத்து நுனிகள் மட்டும்தான், பீலி ஒழுகி வருடக்கணக்காக நனைந்த இடம்.

உள்முற்றத்துத் தூண்களில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு இருக்கிறது, விரல் நுழையும். எங்கள் பேரனார் பிறக்க முந்தியே வந்த வெடிப்பு அது. கூரை இன்றைக்கும் அதன் மேலேதான் நிற்கிறது. சின்ன வெடிப்பைக் கண்டதும் மரம் பழுது என்று தூக்கி எறிய வேண்டாம், நீளப்பாட்டுக்கு வெடித்த தூண் பாரம் தாங்கும்.

குசினியைத் தனியாகக் கட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விறகடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கூரைக்குச் சீலிங் அடிக்காதீர்கள் தம்பி, புகை கைமரத்துக்குப் போகட்டும்.

கென்ட்வாசி எழுதியது:

நான் சாவகச்சேரி, இப்போது இங்கிலாந்தில் பழைய மரக் கட்டடம் திருத்துகிற வேலை. இங்கே ஓக் மரத்தைப் பச்சையாகவே பாவித்துக் கட்டுவது நூற்றாண்டு வழக்கம், இன்றைக்கும் அப்படிக் கட்டுகிறார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது, பச்சையில் இலகுவாக இறங்கும், அது ஒரு முக்கிய காரணம். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துப் பெரிய கூரை 1390களில் ஓக்கில் செய்தது, வேறு ஊரில் வைத்துப் பொருத்திப் பார்த்து, கழற்றிக் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

அவர்கள் மரம் காயும் என்று தெரிந்துகொண்டே இணைப்பைச் செய்தார்கள். துளைக்குள் கழுந்தை விட்டு மர ஆணி அடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழுந்தில் போடுகிற ஓட்டையை, துளைச் சட்டத்தில் இருக்கிற ஓட்டைக்கு நேரே போடாமல் ஒரு நூல் அளவு தோள் பக்கம் தள்ளிப் போடுவார்கள். கூர் சீவின மர ஆணியை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். சட்டம் பச்சையாக இருக்கலாம், ஆணி மட்டும் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும், அரிந்து எடுக்காமல் நார் வழியே பிளந்து எடுத்ததாகவும் இருக்க வேண்டும். பச்சை ஆணி அடித்தால் அதுவும் சேர்ந்து சுருங்கி இணைப்பு ஆடும். அங்கே ஆணிக்குப் பழைய முதிரை அல்லது பாலைத் துண்டு நல்லது. உடைந்த வீடுகளிலிருந்து கழற்றின பழைய யன்னல் சட்டம் மரக்காலைகளில் கிடக்கும், ஒரு கட்டு வாங்கினால் விறாந்தை முழுக்கப் போதும்.

உளிச்சத்தம் எழுதியது:

கென்ட்வாசி தம்பி சொன்ன அந்த ஓட்டை தள்ளிப் போடுகிற வேலையை எங்கள் அப்பாவும் செய்வார், வண்டில் வேலையில். நல்ல விசயம் எழுதினீர்கள்.

இரும்பு பாவிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை மரத்தில் அடித்த ஆணி, மரம் காய்ந்த பிறகு பிடி விட்டுவிடும், கையால் இழுத்தால் வரும். கைமரத்தை வளையோடு பூட்டுகிற இடங்களில் நட்டும் போல்ட்டும் போடுங்கள், துத்தநாகம் பூசினதாக. அகலமான வாசர் போட்டு, மாரி முடிந்து ஒரு தடவை, அடுத்த வருடம் ஒரு தடவை நட்டை இறுக்குங்கள். இறுக்குவதற்குக் கை போகிற மாதிரி இடம் விட்டுப் பூட்ட வேண்டும், சீலிங்குக்கு மேலே மறைந்துபோனால் யாரும் இறுக்கப் போவதில்லை. அப்புறம், அகலமான சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரண்டு போல்ட் போட்டு ஒரே இரும்புத் தகட்டில் பூட்டினால், மரம் சுருங்க வழியில்லாமல் நடுவால் பிளக்கும். ஒரு போல்ட் போதாவிட்டால் இரண்டையும் நாரின் நீளத்துக்குப் போடுங்கள்.

சீமெந்துத்தூசி தம்பியின் தொய்வுப் பயம் நியாயமானது. அதற்கு மருந்து, கைமரத்தை இரண்டடிக்கு ஒன்று வைக்கிற இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்று வையுங்கள். மரம் சொந்தமாக இருக்கிறவனுக்கு இது பெரிய செலவில்லை. வளைவு இருக்கிற கைமரத்தை வளைவு மேல்பக்கம் வரப் போடுங்கள். நீள வளைக்கு நடுவில் ஒரு முட்டுக் கொடுத்து, முதல் சோளகம் அடித்து ஓயும் மட்டும் அந்த முட்டை எடுக்காதீர்கள்.

சீமெந்துத்தூசி எழுதியது:

ஒன்றரை அடி இடைவெளியும் முட்டும் என்றால் பனைக்கு நானும் சம்மதம். வேம்புத் தீராந்தியைப் பச்சையில் ஓட்டுக்குக் கீழே போடுவதற்கு இன்னும் சம்மதம் இல்லை. அதை அறைக்குள் பிரிக்கிற சட்டத்துக்கோ கதவுக்கோ வையுங்கள்.

செம்மண் எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. தேய்பிறையில், அமாவாசைக்குக் கிட்ட வெட்ட வேண்டும். வளர்பிறையில் வெட்டின பூவரசு ஒரு வருடத்தில் மாவாகக் கொட்டும். எங்கள் பக்கத்தில் மூங்கில் வெட்டினாலும் பிறை பார்த்துத்தான் வெட்டுவார்கள். வெட்டின பூவரசுத் தடியைக் கேணியில் ஒரு மாதம் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்கள், மணக்கும், ஆனால் பிறகு பூச்சி தொடாது.

சீமெந்துத்தூசி எழுதியது:

ஐயா, ஊறப்போடுவதில் முழுக் காரணம் இருக்கிறது. மாவாகக் கொட்டவைக்கிற அந்தச் சின்ன வண்டு மரத்தைத் தின்பதில்லை, மரத்துக்குள் இருக்கிற மாச்சத்தைத்தான் தின்கிறது. அது வெளி வெள்ளையில்தான் கூட, வைரத்தில் இல்லை. தண்ணீரில் கிடந்தால் அந்த மாச்சத்துக் கரைந்தும் புளித்தும் போய்விடும். பிறைக்கு அப்படி ஒரு காரணத்தை நான் இதுவரை காணவில்லை. ஆனால் தேய்பிறையில் வெட்டுவதால் நட்டமும் இல்லை.

இதோடு சேர்த்து, பச்சை மரத்துக்கு மட்டும் இருக்கிற ஒரு வசதியைச் சொல்கிறேன். போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு நிறுத்து, சுடுதண்ணீரில் கரைத்து, அரிந்த அன்றைக்கே பலகையை நனைத்து எடுத்து, நெருக்கி அடுக்கிப் பொலித்தீனால் மூடிவிடுங்கள். மரத்துக்குள் இருக்கிற ஈரத்தின் வழியே மருந்து தானாகவே உள்ளே பரவும், ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம். காய்ந்த மரத்தில் இதே மருந்தைப் பூசினால் மேல் தோலோடு நின்றுவிடும். றப்பர் மரத்தில் தளபாடம் செய்கிற ஆலைகள் இந்த மருந்தை ஏற்றித்தான் அதைப் பாவனைக்கு எடுக்கின்றன. மழை படுகிற இடத்துக்கு இது உதவாது, கழுவிப்போய்விடும். கையுறை போடுங்கள். கிணற்றடியில் வைத்துச் செய்யவே கூடாது, எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊற்றுகிறதெல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் போகும், பயிருக்கும் இந்த மருந்து கூடினால் நஞ்சு.

கழிவு ஒயில் பூசச் சொல்லி யாராவது வருவார்கள். பூசின மரம் வருடக்கணக்காகக் கையில் ஒட்டும், மணம் போகாது, பிறகு வார்னிஷ் பிடிக்காது, குசினிக்குள் என்றால் நெருப்புக்கும் பயம். படலைக் கட்டைக்கு வேண்டுமானால் பூசுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

கைதடிக்காணி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி, வாசித்து வாசித்துக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று கேள்வி. அடுக்குவது எப்படி, சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதுமா? காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஈரம் பார்க்கிற மெசின் வாங்க வேண்டுமா? மாமரத்தை என்ன செய்வது?

உளிச்சத்தம் எழுதியது:

மாமரத்தைப் பலகையாக அரிந்து கொங்கிறீற் அடிப்பலகைக்கு வைத்திருங்கள். லிண்டலுக்கும் பெல்ட்டுக்கும் பலகை வாடகைக்கு எடுக்கிற காசு மிஞ்சும், பச்சையாகவே பாவிக்கலாம், வேலை முடிந்ததும் விறகு. மாமரத்தை வைத்திருந்தால் நீலம் பாரித்து உளுத்துப்போகும், அதனால் அதைக் கடைசியாக, தேவைப்படுகிற நேரத்தில் வெட்டுங்கள்.

அடுக்குகிற விசயத்தில்தான் மரம் பிழைப்பதும் கெடுவதும். பட்டையை அன்றைக்கே உரியுங்கள், வண்டு பட்டைக்குக் கீழேதான் முட்டை வைக்கும். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சீமெந்துக் கல் வைத்து, ஒரே மட்டத்தில், அதற்கு மேல் அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலச் சிலாகைத் துண்டு, இரண்டடிக்கு ஒன்று. மேல்வரிசைத் துண்டு கீழ்வரிசைத் துண்டுக்கு நேர் மேலே வரவேண்டும், விலகினால் பலகை அந்த இடத்தில் வளைந்து அப்படியே காய்ந்துவிடும். அந்தத் துண்டுகள் காய்ந்ததாக இருக்கட்டும். எல்லாத்துக்கும் மேலே பாரம் ஏற்றுங்கள், வேலைக்கு இறக்கின சீமெந்துக் கல்லையே ஏற்றலாம். மேலே கிடுகோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

பலகையின் இரண்டு நுனிக்கும் வெட்டின அன்றைக்கே தார் அல்லது பழைய எனாமல் பெயின்ற் தடிப்பாகப் பூசுங்கள். தண்ணீர் நுனியால்தான் வேகமாகப் போகும், நுனி முந்திக் காய்ந்து வெடிக்கும். சோளகத்தில் இது இன்னும் மோசம். சோளகக் காற்றுக்கு நேரே அடுக்கின வேம்பை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு பலகையிலும் ஒரு முழம் வெடித்துப் போயிருந்தது. காற்று வேண்டும், ஆனால் வேலியையோ மதிலையோ மறைப்பாக வைத்து மெதுவாக வரவேண்டும். நீங்கள் ஆவணி, புரட்டாதியில் அரிந்தால் உடனே மாரி வரும், மெதுவாகக் காயும், பூஞ்சணம் கொஞ்சம் பிடிக்கும், துடைத்துவிடலாம், வெடிப்பு குறைவாக இருக்கும். அதனால்தான் இப்பவே வெட்டச் சொன்னேன்.

கென்ட்வாசி எழுதியது:

மெசின் தேவையில்லை. அடுக்கும்போது நடுவிலிருந்து ஒரு பலகையில் ஒரு முழத் துண்டு வெட்டி எடுங்கள், நுனியிலிருந்து வெட்டாதீர்கள், நுனி எப்போதும் முந்திக் காயும். துண்டின் இரண்டு நுனிக்கும் பெயின்ற் பூசி, கடைத் தராசில் நிறுத்து, நிறையையும் திகதியையும் அதன்மேலேயே பென்சிலால் எழுதி, அடுக்குக்கு நடுவில் திரும்பச் செருகிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிறுங்கள். நிறை குறைந்துகொண்டே வந்து, வெயில் மாதத்தில் இரண்டு நிறைக்கு நடுவில் வித்தியாசம் இல்லாமல் நின்றால் காற்றுக்கு ஏற்ற அளவுக்குக் காய்ந்துவிட்டது. மாரியில் நிறை நின்றால் நம்பாதீர்கள், அப்போது காற்றே ஈரம்.

சரியான சதவீதம் வேண்டும் என்றால் இன்னொரு சின்னத் துண்டை நிறுத்துவிட்டு, அவணில் 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து நிறை மாறாமல் வரும் மட்டும் காயவையுங்கள். பச்சையில் 600 கிராம், காய்ந்து 400 கிராம் என்றால், போன தண்ணீர் 200, காய்ந்த நிறையில் பாதி, அதாவது ஈரம் 50 சதவீதம்.

வடலியடைப்பு எழுதியது:

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டுகிற ஒவ்வொரு பனைக்கும் காணி எல்லையில் கொட்டை போடுங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் சீமெந்தும் இரும்பும் வராதபோது எங்கள் சனம் கூரை போட்டதும் பங்கர் மூடியதும் பனையில்தான், எல்லாத் தரப்பும் தோப்புத் தோப்பாக வெட்டினார்கள். இன்றைக்கு நீங்கள் வெட்டப்போகிற பனையை நட்டவர் அதைக் கூரையில் காணவில்லை. ஆவணி, புரட்டாதி பனம்பழம் விழுகிற காலம், கொட்டைக்கு எங்கேயும் போகத் தேவையில்லை.

நாற்சார் எழுதியது:

தூண் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. விறாந்தைத் தூணை மண்ணுக்குள் புதைக்காதீர்கள், எவ்வளவு வைரமாக இருந்தாலும் செம்மண் கறையான் விடாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தூணுக்கும் கீழே செதுக்கின கல் இருக்கிறது, முற்றத்து மழை தெறிக்கிற உயரத்துக்கும் மேலே. தூணின் அடிவெட்டு கல்லில் இருக்கிறது, நடுவில் ஒரு சின்ன முளை மட்டும் கல்லுக்குள் இறங்குகிறது. பூவரசில் நேரான துண்டு கிடைத்தால் தூணுக்கு அதைவிட நல்ல மரம் வளவில் இல்லை, சுருக்கமும் குறைவு.

கைதடிக்காணி எழுதியது:

கிராம சேவையாளரிடம் போய்வந்தேன். வேம்புக்கும் பனைக்கும் கடிதம் கொடுத்து பிரதேச செயலகத்துக்கு அனுப்பியிருக்கிறார், ஆள் வந்து பனையில் ஆண் எது பெண் எது என்று பார்த்துத்தான் அனுமதி தருவார்களாம். பலாவை விடுகிறோம்.

முடிவு இப்படி. பனை கைமரத்துக்கும் முகட்டு வளைக்கும். பூவரசில் நேரானவை விறாந்தைத் தூணுக்கு, கல் வைத்து. வேம்பை ஒன்றே கால் அங்குலப் பலகையாகவும் சட்டமாகவும் அரிந்து கதவு, யன்னலுக்கு அடுக்குகிறோம், அவை அடுத்த ஆடிக்குப் பிறகுதான். நிலைக்கு வாய் விட்டுக் கட்ட மேசன் கடைசியில் சம்மதித்துவிட்டார், தகட்டை எந்த வரியில் வைப்பது என்று அவரே கேட்டார். பனை பிளக்கத் தெரிந்த ஐயா ஒருவர் மட்டுவிலில் இருக்கிறாராம், ஞாயிறு போய்ப் பார்க்கிறேன்.

உளிச்சத்தம் அண்ணை, தகட்டை எந்த வரியில் வைக்க?

உளிச்சத்தம் எழுதியது:

ஒரு பக்கத்துக்கு மூன்று. கீழே இரண்டாவது வரியில் ஒன்று, பூட்டு வருகிற உயரத்தில் ஒன்று, லிண்டலுக்குக் கீழே இரண்டாவது வரியில் ஒன்று. தகட்டில் திருகாணி ஓட்டையை வட்டமாகப் போடாமல் நிலையின் அகலப்பாட்டுக்கு நீள ஓட்டையாகப் போடச் சொல்லுங்கள், நிலை மிச்சம் சுருங்கினாலும் சுவரை இழுக்காது. வேம்பு வெட்டுகிற அன்று நுனிக்குப் பூசத் தாரை முதல் நாளே வாங்கி வையுங்கள், விழுத்தின பிறகு கடைக்கு ஓட நேரம் இருக்காது.